பாடை இறக்கும் இடம்

டாக்டர் நல்ல சேதிதான் சொன்னார். இதயத்துக்குப் போகும் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, அடுத்த புதன்கிழமை நெஞ்சைத் திறந்து சரிசெய்துவிடலாம், நூறு பேரில் தொண்ணூற்றேழு பேர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்றார். நடேசனுக்கு அந்தத் தொண்ணூற்றேழு பேர் காதிலேயே விழவில்லை. மிச்ச மூன்று பேர் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று பேரால் என்ன செய்ய முடியும் என்பது அவருக்குத் தெரியும். போன தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவர் பதவி மூன்று ஓட்டில்தான் போயிற்று.

பதவி போய் இரண்டு வருஷமாகியும் ஊரில் அவர் தலைவர்தான். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில், ஊருக்கு வெளியே தள்ளி அவர் கட்டிய மாடி வீட்டு வாசலில் ‘மு. பஞ்சாயத்துத் தலைவர்’ என்று பித்தளைப் பலகை மின்னும். ‘முன்னாள்’ என்பதை இடம் போதாமல் சுருக்கியதாகச் சொல்வார். பலகையில் இன்னும் ஆறு எழுத்துக்கு இடம் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கே மனைவி ராஜாமணியிடம் பேச்செடுத்தார்.

“ராஜாமணி, ஒருவேள நான் போயிட்டேன்னா...”

“வாயக் கழுவுங்க மொதல்ல. செவ்வாக்கெழம அதுவுமா பேசற பேச்சா இது?”

“நாள பேசலாமா?”

“நாளைக்கும் பேசாதீங்க.”

அவருக்குச் சொர்க்கம் நரகம் பற்றியெல்லாம் கவலையில்லை. அங்கேயும் ஒரு பஞ்சாயத்து இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். அவருடைய பயம் முழுக்க வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரைக்கும்தான்.

ஊரின் சுடுகாடு ஏரிக்கரையில் இருக்கிறது. தெருக்கோடியிலிருந்து நேராக எட்டடிப் பாதை ஒன்று அங்கே போகும். போய்க்கொண்டிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்கு நிலம் கொடுத்தபோது அந்தப் பாதையும் சேர்ந்து போயிற்று. ஆட்சேபணை இல்லை என்று தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர் தலைவர் நடேசன். பூமி பூஜை மேடையில் யாரோ கீழேயிருந்து பாதையைப் பற்றிக் கேட்டபோது, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: “செத்தவன் எந்த வழியில் வேண்டுமானாலும் போவான். உயிரோடு இருப்பவனுக்கு வழிகாட்டத்தான் இந்த நடேசன் பிறந்திருக்கிறான்.” கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கம்பெனிக்காரர்கள் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். இப்போது அந்தச் சால்வையை நினைத்தால் கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி மூடியதுபோல இருந்தது.

கம்பெனி மதில் எழும்பிப் பாதை அடைபட்ட பிறகு விழுந்த முதல் சாவை ஊர்க்காரர்கள் கம்பெனி கேட்டுக்கே கொண்டுபோனார்கள். வாசல் செக்யூரிட்டி நல்ல மனுஷர், விட முடியாது என்று சொல்லவில்லை. நோட்டில் பெயர் எழுதினார், உள்ளே போகும் நேரம் எழுதினார். அதற்குமேல் பேனாவை வைத்துக்கொண்டு திகைத்துவிட்டார். உள்ளே போனவர் எத்தனை மணிக்கு வெளியே வருவார் என்ற கட்டத்தை அவரால் நிரப்ப முடியவில்லை. நிரப்பாமல் விட்டால் சூப்பர்வைசர் கேட்பார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, பாடையைத் திருப்பிக்கொண்டு ஹைவே வழியாகச் சுற்றிப் போனார்கள். அன்றிலிருந்து அதுதான் வழி. மூன்றரை கிலோமீட்டர், கன்டெய்னர் லாரிகளோடு.

அந்த ஹைவேயில்தான் போன வருஷம் கன்னியம்மாவின் புருஷன் ஏகாம்பரத்தின் பாடை விழுந்தது. பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்த அடியில், முன்னால் தூக்கிய இரண்டு பேரும் ஓரத்துக்குத் துள்ளினார்கள். பாடை சாய்ந்தது. மாலையும் மூங்கிலுமாக ஏகாம்பரம் சாக்கடைப் பள்ளத்துக்குள் உருண்டார். மூக்கிலிருந்த பஞ்சு தெறித்துப்போய்த் தாரில் கிடந்தது. எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த நடேசன் பார்க்காததுபோலப் போகப் பார்த்தார். தெருவோடு நிற்காமல் புருஷன் பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்துவிட்டிருந்த கன்னியம்மா அவரைப் பார்த்துவிட்டாள்.

“ஓடாத தலைவரே,” என்றாள். அழுகை நின்றுபோயிருந்த குரல். “உனுக்கும் இதே ரோடுதான்.”

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதைத்தான் அவர் தின்றுகொண்டும் குளித்துக்கொண்டும் இருந்தார். ஹாரன் கேட்டால் வீட்டுக்குள் போனார். பஞ்சைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு யாரும் பேசவிடாத விஷயத்தைப் பேச ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்டியான் ஐயனாரைத் தேடிப் போனார்.

ஐயனார் இப்போது கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் ஹவுஸ்கீப்பிங். கழுத்தில் அட்டை தொங்கும். லுங்கியோடு வேப்பங்குச்சியை மென்றுகொண்டு, மழை வருமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலப் பேசினார்.

“ஆப்ரேசனா? புதன்கெழமயா? ஆவறது ஆவட்டும். ஆனா புதன், வியாழன் எனுக்கு டூட்டி கீது தலைவரே. ஞாயித்துக்கெழமன்னா நானே நின்னு பாத்துக்குவேன். விறகு, வரட்டி எல்லாம் சுத்தமா பண்ணிடுவேன், கவலையே படாதீங்க.”

“அது கெடக்கட்டும் ஐயனாரு. என்னத் தூக்கறதுக்கு நாலு பேரு வருவாங்களா?”

ஐயனார் குச்சியைக் கையில் எடுத்தார். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தவர் இரண்டாவது விரலிலேயே நின்றுவிட்டார்.

“கூலிக்கு ஆளு கெடிக்கும்,” என்றார்.

“கூலிக்கா? பத்து வருசம் இந்த ஊருக்கு நான்...”

“நீங்க கேக்கறீங்கன்னு சொல்றேன். ஊர்ல இன்னா பேச்சுன்னா, தலைவரு செத்தா ஹைவே வரிக்கும் அவுரே நடந்து வரட்டும், அங்கேந்து பாத்துக்கலாம்னு.”

அன்று சாயங்காலத்துக்குள் நடேசன் வீடு வீடாகப் போனார். வேட்டி அதேதான், கும்பிடு அதேதான். ஓட்டுக் கேட்டுப் போனபோது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொய் சொன்னவர்கள், இப்போது என்ன சொல்வதென்று தெரியாமல் காபி கொடுத்தார்கள். எட்டு வீட்டில் எட்டுக் காபி. நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது.

அவர் வீட்டை ஒட்டியே வரிசையாகப் பன்னிரண்டு ரூம் கட்டி, கம்பெனிக்கு வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அங்கேயும் கேட்டுப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்து அருள்பாண்டி துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு யோசித்தான்.

“என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா ஆச்சுன்னா... நா இந்த வாரம் ஏ ஷிப்ட்டு. ரெண்டரைக்கு மேல வச்சிக்கிட்டா கண்டிப்பா வாரேன்.”

“மத்தவங்க?”

“எங்க ரூம்ல சக்திகுமாரு ஓவர்டைம் பாக்கான். லீவு கேட்டா, செத்தது யாரு, அப்பாவா அம்மாவான்னு சூப்பர்வைசர் கேப்பான். வீட்டு ஓனர்னா குடுக்க மாட்டான்.”

கடைசியில் ஒரு வீடுதான் பாக்கி. கன்னியம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் தூண் மாதிரி இருப்பார்கள். அவள் முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நடேசன் நின்றுகொண்டே முழுதும் சொன்னார்.

“பயமாகீதா?” என்றாள் கன்னியம்மா.

இத்தனை நாளில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

“ஆமா.”

“எனுக்கும்தான் கீது. எனுக்கு எழுவது தாண்டிச்சு. தெனம் காலைல எழுந்து அந்த ரோட்டத்தான் நெனச்சிக்கினு கெடக்கறேன். சாவறதுக்கு இல்ல. உருண்டு உயுறதுக்கு.” புளியங்கொட்டை ஒன்று தெறித்து அவர் காலடியில் விழுந்தது. “நாலு பேரு வருவாங்க தலைவரே. என் புள்ளைங்களயே அனுப்பறேன். வழி எங்க கீது?”

“கம்பெனிய இப்ப இன்னா பண்ண முடியும்?”

“கம்பெனிய யாரு கேட்டா? உன் ரூமு வரிசைல உன் ஊட்ட ஒட்டி கீற கடேசி ரெண்டு. அத எட்த்துட்டா பின்னால வாய்க்கா கரை. அப்டியே மதில ஒட்டிக்கினு போனா சுடுகாடு. காவாசி தூரம்.”

நடேசன் விறைத்துக்கொண்டார். அந்த ரூம்களுக்கு அடிக்கல் நாட்டியவர் யார், அந்தத் தளம் எத்தனை கம்பியில் நிற்கிறது, ஒரு தனிமனிதன் தன் சொத்தை எதற்காக, என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தார். கன்னியம்மா புளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும், “அப்போ நடந்து போ,” என்றாள்.

நடந்துதான் பார்த்தார். திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு, யாருக்கும் சொல்லாமல், ஹைவேயில் ஏகாம்பரம் விழுந்த இடம் வரைக்கும். ஒன்றுமில்லாத பயத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டால் தெளிந்துவிடும் என்று நினைத்தார். தார் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பள்ளத்தருகே நின்றபோது பின்னால் ஹாரன் எழுந்தது. காதில் கேட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. நேராக அடைப்புள்ள இடத்தில் கேட்டது. மு. பஞ்சாயத்துத் தலைவர் ஓரத்துக்குத் துள்ளி, செருப்பு ஒருபக்கம் போக, வேட்டியோடு சாக்கடைக்குள் உட்கார்ந்தார். லாரி போய்விட்டது. அடுத்தது வந்தது. யாரும் நிற்கவில்லை. தூக்கிவிட ஒரு கை இல்லை. உயிரோடு இருக்கும்போதே இப்படி என்றால், என்று நினைத்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று மத்தியானமே இரண்டு ரூமைக் காலி செய்து, சட்டி பானைகளை அடுத்த ரூம்களுக்கு மாற்றி, மண்ணூரிலிருந்து ஜேசிபி வரவழைத்தார். செவ்வாய்க்கிழமை சுவர் விழும் சத்தம் கேட்டு ஊரே வந்து நின்றது. பழைய வழக்கத்தில் கல்வெட்டு ஒன்று வைக்கவேண்டும் என்று தோன்றியது. ‘நடேசன் நினைவுப் பாதை’ என்று காகிதத்தில் எழுதி ராஜாமணியிடம் காட்டினார்.

“நெனைவா? யாரு நெனைவு?” என்றாள் ராஜாமணி.

அவர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, அதையும் எட்டாக மடித்து, ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டார்.

புதன்கிழமை நெஞ்சைத் திறந்தார்கள், மூடினார்கள். அவர் தொண்ணூற்றேழு பேரில் ஒருவராக எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தார். டாக்டர் மாடிப்படி கூடாது என்றதால் கட்டில் கீழ் அறைக்கு வந்தது. அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் புதுப் பாதை. இதை அவர் படுத்த பிறகுதான் கவனித்தார்.

ஊரில் யார் போனாலும் இனி அவர் தலைமாட்டு வழியாகத்தான் போகவேண்டும். முதல் மாதத்தில் ஒன்று போயிற்று. மேளம் தெருமுனையில் கேட்கும்போதே போர்வையை இழுத்துக்கொண்டார். சாம்பிராணியும் சாமந்தியும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலைச் சுற்றின. தையல் போட்ட நெஞ்சு மேளத்தோடு சேர்ந்துகொண்டு அடித்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினால் மேளம் உள்ளேயே நின்றுகொண்டது.

மூன்றாம் மாதம் கன்னியம்மா போனாள்.

மேளம் வந்தது. ஜன்னலைத் தாண்டிப் போகவில்லை, அங்கேயே நின்றது. நடேசன் கண்ணை மூடிக்கொண்டு நூறு எண்ணினார். மேளச் சத்தமும் ஓய்ந்துபோயிற்று. பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றி மறுபடி தூக்குவது வழக்கம்தான். ஆனால் பாதி வழி இன்னும் தள்ளி, வாய்க்கால் கரையில். பயம் தாங்காமல் கண்ணைத் திறந்தார். ஜன்னல் கம்பிக்கு இரண்டு முழத்தில் கன்னியம்மா, நெற்றியில் பெரிய காசோடு, தாடையைக் கட்டிய துணியோடு படுத்திருந்தாள். மூக்கில் பஞ்சு சரியாக இருந்தது.

“இன்னும் தூரம் போவணும்டா,” என்றார் நடேசன். குரல் கீச்சென்று வந்தது. “ஏன் இங்க எறக்கனீங்க?”

“எங்கம்மா சொல்லிட்டுப் போச்சு தலைவரே,” என்றான் பெரிய மகன். “இங்கதான் எறக்கணுமாம்.”

ஐயனார் ஜன்னலருகே வந்தார். அன்றைக்கு லீவு போட்டிருந்தார் போலிருக்கிறது, கழுத்தில் அட்டை இல்லை. கையில் பொரிப் பை.

“இன்னொண்ணும் சொல்லிச்சு. இங்கேந்து பொரி தூவறது நீங்கதானாம். தூக்கறதுக்கு நெஞ்சுல தெம்பு இருக்காது, பொரி தூவட்டும்னுச்சு. வர்றீங்களா, இல்ல நானே தூவிடட்டா?”

எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பார். ராஜாமணி பின்னாலிருந்து, “போவாதீங்க,” என்றாள். நடேசன் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். ஒவ்வொரு படியாக இறங்கினார்.

பையை வாங்கிக்கொண்டு பாடைக்கு முன்னால் நின்றார். பின்னால் நாலு பேர் குனிந்து தூக்கும் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்ததால் நடந்தார். ஒருபக்கம் கம்பெனி மதில், ஒருபக்கம் வாய்க்கால். பொரியைக் கைநிறைய அள்ளித் தூவலாமென்று பார்த்தார். தூவ வேண்டிய வேலையே இல்லை. கை நடுங்கிய நடுக்கத்தில் பொரி தானாகவே விழுந்துகொண்டு வந்தது, சுடுகாடு வரைக்கும்.