வேறு கை படாத விமானம்

1

கீழே கையெழுத்திடும் நான், முழு நினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் என் கைப்பட எழுதிக்கொடுப்பது என்னவென்றால்: இந்தக் கதையின் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய்யென்று யாராவது நிரூபித்தால் மீசையை எடுத்துவிடுகிறேன். (எனக்கு மீசை கிடையாது. ஆனாலும் வாக்கு வாக்குதான்.)

கதை எங்கே கிடைத்தது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரரிடமிருந்து திருடினேன். அவர் முப்பத்துநான்கு ஆண்டுகள் விமானப் பணிமனையில் சிறகுத் தகடுகளைப் பிணைக்கும் ரிவிட் ஆணிகளை அடித்தவர். அதனால் ரிவிட்டார். தனியாக இருக்கிறார். ஒரே மகள் ஊரின் மறுகோடியில் பல் மருத்துவர். இந்த ரிவிட்டார் எழுபத்துமூன்றாம் வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்த்த ஒரு பொம்மை விமானத்தை ஒட்ட உட்கார்ந்தார். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். மாதிரி என்று சொல்லவேண்டும். நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அவர் கோபம் மட்டும் முழு அளவு.

2

தொடக்கம், முதல் முயற்சி: "இளவெயில் மேஜைமேல் பொன்னாய் உருகி–" (வெயிலுக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை. அடித்துவிடு.)

இரண்டாம் முயற்சி: "மனிதன் ஏன் பறக்க ஆசைப்படுகிறான்?" ரிவிட்டார் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. பறந்தது ஒரே ஒருமுறை, அதுவும் தெரியாமல். சாப்பாட்டுக்குப் பின் சிறகுக்குள் சற்றே கண்ணயர்ந்தவரை உள்ளே வைத்தே தகட்டை மூடி ரிவிட் அடித்துவிட்டார்கள். விமானம் இரண்டு நாடுகளுக்குப் போய்த் திரும்பியது. இறங்கியதும் உள்ளிருந்து தட்டினார். திறந்தார்கள். நேரே போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். ஒருநாள் விடுப்புகூட விழவில்லை.*

(* சாட்சி சொல்ல ஆளில்லை என்பது என் குற்றமல்ல. சிறகுக்குள் இன்னொருவருக்கு இடமில்லை.)

மூன்றாம் முயற்சி: "ரிவிட்டாரின் கையிலிருந்து கெட்டில் நழுவியது." இதுதான் சரி. கெட்டில் பொய் சொல்லாது.

3

ரிவிட்டாரின் கையிலிருந்து கெட்டில் நழுவியது. கொதிநீர் இடது பாதத்தில் கொட்டிக் கொப்புளம் போட்டது. கைநடுக்கம் அவருக்குப் புதிதல்ல. போன ஆண்டு அவர் எழுதிய ஒரு கடிதத்தைத் தபால்காரர் இசைக்குறிப்பு என்று நினைத்து, மூன்றாம் தெருப் பாட்டு ஆசிரியர் வீட்டில் சேர்த்துவிட்டார். அவர் வாசித்துப் பார்த்து, நடுப்பகுதி மிக உருக்கமாக இருப்பதாகச் சொல்லியனுப்பினார்.

மகள் வந்தாள். கட்டுப் போட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பெட்டியக் கட்டுங்கப்பா. எங்க வீட்டுல மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு."

"சும்மாக் கிடக்கறத ஏம்மா தொந்தரவு பண்ற?"

"கை நடுங்குதுப்பா."

"என் கை. எனக்குத் தெரியாதா?"

"இன்னைக்குக் கெட்டில். நாளைக்கு கேஸ் அடுப்புன்னா? நான் எங்க போய் அழறது?"

ரிவிட்டார் அலமாரியின் மேலே பார்த்தார். அங்கே ஓய்வுபெற்ற அன்று பணிமனை நண்பர்கள் கொடுத்த பெட்டி பதின்மூன்று ஆண்டுகளாகத் தூசி தின்றுகொண்டிருந்தது. அட்டையில் இரட்டை எஞ்சின் சரக்கு விமானம். அவர் ரிவிட் அடித்த அதே ரகம்.

"மூணு வாரம் குடு. அத ஒட்டி, பெயின்ட் அடிச்சு, மேஜை மேல நிக்க வைக்கிறேன். நின்னா வீட்டுச் சாவி என்கிட்ட. நிக்கலேன்னா உன்கிட்ட. அப்புறம் பேச்சே இல்ல."

"வேற யாரு கையும் படக்கூடாது."

"உன் கை?"

"என் கையுந்தான்."

"நீ பல்லு பிடுங்கறவ. நீ கிட்டயே வரக்கூடாது."

4

இங்கே ஒரு சந்தேகம். முதல் பிரதியில் மகளைக் கொடுமைக்காரியாக எழுதினேன். கதைக்கு ஒரு வில்லி இருந்தால் வேலை பாதி குறையும். ஆனால் மறுநாளே அவள் தன் மருத்துவமனையிலிருந்து முகமூடி இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ரெசின் தூசி நெஞ்சுக்கு ஆகாதாம். "தண்ணியில முக்கியே தேய்க்கணும், சரியா?" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லி செய்வது? (இந்தப் பத்தியை அடித்துவிடு. அவளுக்குத் தலைக்கனம் ஏறும்.)

விமானப் பெட்டிக்குள் பால்வெள்ளையில் துண்டுகள். தொட்டால் சோப்பு மாதிரி, அழுத்தினால் பிஸ்கட் மாதிரி. கழுவினார், துடைத்தார், கடையில் வாங்கிய பசையைத் தடவி உடலின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்தார். ஒரு நாள் காயவிட்டார். எடுத்ததும் வாழைப்பழத் தோல்போலப் பிரிந்தது. மறுபடி ஒட்டினார், மறுபடி பிரிந்தது. ஒரு வாரம் இப்படியே போனபின், மானத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"ஒட்டவே மாட்டேங்குதும்மா."

"என்ன பசை?"

"பிளாஸ்டிக் பசை."

"அது பிளாஸ்டிக்க உருக்கி ஒட்டறதுப்பா. ரெசின் உருகாது. நான் தினம் பல்லுல அடைக்கறதும் இந்த வகைதான். சூப்பர் குளூ வாங்குங்க. சொட்டு போதும்."

"இரு. இது உதவியில சேருமா?"

"கை படக்கூடாதுன்னுதானே பேச்சு? இது வாய்."

சூப்பர் குளூ ஒட்டியது. அதன்பின் தேய்ப்பு வேலை. உப்புத்தாளைப் பிடித்து அவர் கையைச் சிறகின்மேல் சும்மா வைத்தால் போதும், நடுக்கமே தேய்த்துக்கொடுத்தது. எந்த மருத்துவர் எதை வியாதி என்றாரோ அதுவே மூன்று நாள் வேலையை ஒரே பிற்பகலில் முடித்தது. மூக்கில் கனம் இல்லாவிட்டால் வால் தரையில் குந்திவிடும் என்று பெட்டியோடு வந்த படத்தாளில் போட்டிருந்தது. மேஜை இழுப்பறையில் கிடந்த நிஜ ரிவிட் மூன்றை எடுத்து மூக்குக்குள் போட்டார்.

5

இப்போது அவர் செய்த தவற்றைச் சொல்லியாகவேண்டும். திருத்தி எழுதிப் பார்த்தேன். அவர் சம்மதிக்கவில்லை.

ஒவ்வொரு சிறகும் உடலோடு சேரும் அடிமுனையில் கட்டைவிரல் பருமனில் ஒரு கட்டி ஒட்டியிருந்தது. ரெசினை அச்சில் ஊற்றிய வாய் அது. சிறு ரம்பத்தால் அறுத்து எறியவேண்டியது. முதல்முறை செய்கிற எவரும் சந்தேகப்பட்டுப் படத்தாளைப் பார்ப்பார்கள். ரிவிட்டார் பார்க்கவில்லை. நிஜச் சிறகின் அடிமுனையில் இப்படித்தான் ஒரு தண்டு நீண்டு உடலுக்குள் போகும் என்பது அவருக்கு முப்பத்துநான்கு ஆண்டுப் பழக்கம். ஆகவே அந்தக் கட்டி நுழைவதற்கு விமானத்தின் இரு பக்கமும் ஓட்டை போட்டார். இரண்டு நாள் ஆனது. கத்தி வழுக்கிய இடமெல்லாம் விரலில் பிளாஸ்திரி.

ஞாயிற்றுக்கிழமை மகள் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அப்பா, அது வெட்டிப் போடவேண்டிய துண்டு."

"யாரு சொன்னா?"

"படத்துல கோடு போட்டிருக்கே."

"கோடு போட்டவன் இந்தச் சிறகு மேல ஏறி நின்னிருக்கானா? நான் நின்னிருக்கேன். குதிச்சும் பாத்திருக்கேன்."

"தப்புன்னு தெரிஞ்சும் செய்வீங்களா?"

"தப்பா இருக்கட்டும். கழண்டு விழுதான்னு மட்டும் பாரு."

(இந்த இடத்தில் முதுமையைப் பற்றி ஆழமாக ஒரு வாக்கியம் எழுதத் தொடங்கினேன்: "வெட்டி எறியவேண்டியது என்று உலகம்–" வேண்டாம். அவர் காதில் விழுந்தால் அடிப்பார்.)

6

கடைசி நாள். சனிக்கிழமை நான்கு மணிக்கு மகள் வருவதாகப் பேச்சு. பெயின்ட் அடித்தாகிவிட்டது, சக்கரங்களில் நின்றாகிவிட்டது, இடது சிறகு ஏறிவிட்டது. மீதி வலது சிறகு. ஒரு மணிக்கு ஒரு சொட்டு விடப் போனவரின் கை நடுங்கியதில் ஒன்பது சொட்டு விழுந்தது. சிறகைப் பொருத்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் இறுகப் பிடித்தார். அறுபது எண்ணினார். விரலை எடுத்தார். விரல் வரவில்லை.

நான்கு மணிக்கு மகள் உள்ளே வந்தபோதும் வரவில்லை.

"முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுது. பாரு, நிக்குது."

"கைய எடுங்க, பாக்கறேன்."

"கையோட பாரு."

"கைய எடுத்தாத்தானே தானா நிக்குதான்னு தெரியும்?"

"இப்ப எடுக்கறதா இல்ல."

அவள் குனிந்தாள். பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்தே பழகிய கண்.

"ஒட்டிக்கிச்சா?"

"பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு மணிலேர்ந்து."

"சாப்பிட்டீங்களா?"

"இடது கையால ஒரு வாழைப்பழம். உரிச்சது பல்லு. நீ கட்டிக்குடுத்த பல்லுதான், நல்லாத்தான் இருக்கு."

"அசிட்டோன் எடுத்துட்டு வரேன், ரெண்டு நிமிஷத்துல விட்டுடும்."

"பெயின்டும் விட்டுடும்."

"அப்ப வெந்நீர்ல சோப்பு போட்டு, மெதுவா நூலைக் குடுத்து நானே–"

"நீ கை வைக்கக் கூடாது."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கை பட்டால் பந்தயம் போயிற்று, சாவி அவளுக்கு. படாவிட்டால் அவர் கை வராது, கை வராமல் விமானம் தானாக நின்றதாகாது, அப்போதும் சாவி அவளுக்கு. எப்படிப் பார்த்தாலும் அவள் ஜெயித்தாயிற்று. ஜெயித்தவள் முகம் ஏன் அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

அவர் கைநடுக்கம் சிறகில் இறங்கி, சிறகிலிருந்து விமானத்தின் உடலில் ஏறியது. ஒட்டாமல் ஊசியில் செருகியிருந்த இரண்டு எஞ்சின் விசிறிகளும் ஒருமுறை ஆடின. பிறகு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தன.

"எஞ்சின் ஓடுதுபோல," என்றாள்.

"சூடேறட்டும்," என்றார்.

7

முடிவு ஒன்று: மகள் வெந்நீர் வைக்கிறாள். நூலைக் கொடுத்து இழுக்கிறாள். விரல் வருகிறது. சிறகு அசையவில்லை, அந்தத் தப்பான தண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. பந்தயப்படி அவர் தோற்றார். சாவியை நீட்டுகிறார். (பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: ஒரே இழுப்பில் அவரே கையைப் பிய்த்துக்கொள்கிறார். தோல் கொஞ்சம் சிறகோடு போகிறது. விமானம் நிற்கிறது. மகள் மறுபடி கட்டுப் போடுகிறாள். கட்டுப் போடுவது பந்தயத்தில் சேராது.

முடிவு மூன்று: எஞ்சின் சூடேறிவிட்டது. ஜன்னல் திறந்திருக்கிறது. விமானம் அவரையும் இழுத்துக்கொண்டு– (அடித்துவிடு. ஏற்கெனவே ஒருமுறை பறந்தாகிவிட்டது.)

எது நடந்தது என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன். சாவி இன்று யார் இடுப்பில் இருக்கிறது, இந்த மேஜை எந்த வீட்டு மேஜை, ஜன்னல் அவர் வீட்டு ஜன்னலா மகள் வீட்டு மாடி ரூம் ஜன்னலா, ஒன்றும் சொல்லமாட்டேன். எழுபத்துமூன்று வயதில் ஒருவனுக்கு மிஞ்சுவது தன் கதையின் முடிவை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் உரிமை ஒன்றுதான். உங்களுக்கு வேண்டுமானால் உங்கள் கையால் முடித்துக்கொள்ளுங்கள். விமானம் இதோ, எதிரில் இருக்கிறது. வலது சிறகில் இரண்டு விரல் ரேகை தெளிவாகத் தெரிகிறது.

கதைக்கு வெளியே ஒரே ஒரு தகவல். என் வலது கை பேனா பிடிப்பதை விட்டு ஓராண்டு ஆகிறது. முதல் வரி உறுதிமொழியிலிருந்து இந்தக் கடைசிப் புள்ளிவரை, நான் சொல்லச் சொல்ல எழுதியது என் ஒரே மகளின் கை. அவள் பல் மருத்துவர்.