வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?

சுதாவின் வீட்டில் பினாயிலுக்கு இடமில்லை. யாரோ ஒருத்தி பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆசிட், சோப்புத்தூள், கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியேற்றிவிட்டாள். இப்போது தரைக்கு யூகலிப்டஸ் தைலம். சமையல் மேடைக்கு வினிகரில் கலந்த கிராம்புத் தைலம். மேனாம்பேட்டில் அந்த அடுக்ககத்தில் அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள், தைலத்தின் பெருமையைக் கேட்டு முடிக்காமல் லிஃப்டை விட்டு இறங்கியதில்லை.

அப்பா ஏகாம்பரம் மட்டும் அசரமாட்டார். "முட்டிக்குத் தேய்க்க வேண்டியதத் தரைக்குத் தேய்க்கிறியேம்மா. தரைக்கு இன்னா முட்டி வலியா?" என்பார். ஆவடி தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சின்ன மகள் நிஷாவோடு இங்கே வந்து இருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிஷாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிற பிரசன்னாவும் நிஷாவும் ஒரே ஆபீஸ். ஒரு வருஷமாகக் காதல். பெரியவர்கள் பார்த்து வைத்த மாதிரியே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் ஒரே தரகரிடம் ஜாதகம் கொடுத்தார்கள். அந்த மனுஷனும் தானே கண்டுபிடித்த பொருத்தம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிகிறார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் சுதாதான்.

கண்டம் எல்லாம் பிரசன்னாவின் அம்மா ராஜம்மாதான். பூந்தமல்லிக்காரி. சீக்கு என்று சந்தேகம் வந்தால் போதும், இடத்தைக் காலி செய்துவிடுவாள். வேலப்பன்சாவடியில் ஒரு பெண் காபி கொடுக்கும்போது இருமிவிட்டாள் என்று டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தவள்.

"அக்கா, எல்லாம் உன் கையிலதான் இருக்கு" என்றாள் நிஷா.

அம்மா இல்லாத வீட்டில் அந்த வார்த்தை சுதாவின் நெஞ்சை அடைத்துவிட்டது. அடைக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்காகச் சில சொட்டு விடுகிற வாளியில் பாட்டிலையே கவிழ்க்க வேண்டுமா? கவிழ்த்தாள். தரை பளபளத்தது. அவளுக்கே கண் கரித்தது. சுத்தம் என்றால் இதுதான் என்று பூரித்துப்போனாள்.

மகனோடு வந்த ராஜம்மா வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே ஒரு கால் வைத்து, மூக்கைச் சுருக்கினாள்.

"ஊட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லையே! வாங்கம்மா, உக்காருங்க" என்றாள் சுதா.

"தைல வாசன இப்டித் தூக்குது? சளியா, காய்ச்சலா?"

"ஐயோ, அது தரை துடைச்சதும்மா."

"தரைக்கு யாராச்சும் தைலம் போடுவாங்களா?" என்று ராஜம்மா ஏகாம்பரத்தைப் பார்த்தாள்.

"நானும் அதத்தான் கேட்டுக்கினே கீறேன்" என்றார் அந்தப் புண்ணியவான்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் ராஜம்மா சமையலறைக்குப் போனாள். "இங்க கிராம்பு வாசன வருது. பல்லு வலி யாருக்கு? பொண்ணுக்கா?" திரும்பி வரும்போது சாத்தியிருந்த படுக்கையறைக் கதவை உற்றுப் பார்த்தாள். "உள்ள படுத்த படுக்கையா யாராச்சும் கீறாங்களா? இருந்தா சொல்லிடுங்க, தப்பில்ல."

உள்ளே படுக்கையில் யாரும் இல்லை. நிஷா பட்டுப்புடவையில் காது கொடுத்துக்கொண்டு நின்றிருந்தாள். சுதாவுக்கு வியர்த்துவிட்டது. மறுக்க மறுக்கச் சந்தேகம்தான் கூடியது. ஆத்திரத்தில் கிராம்புத் தைல ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து வந்தாள். "நீங்களே பாருங்கம்மா!" என்று டீப்பாய் மேல் புஸ் புஸ்ஸென்று அடித்தாள். டீப்பாய்க்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

பிரசன்னா தும்மினான். மறுபடி தும்மினான். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. இப்போது ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரைக்கும் பெண்ணைப் பெற்றவராகப் பம்மிக்கொண்டிருந்தவர்.

"தம்பிக்கு இது எப்பவுமே உண்டா?"

"ச்சே ச்சே! பஸ்ல வந்தோமா, ஒரே தூசி" என்றாள் ராஜம்மா.

"கார்ல இருந்து எறங்கினத நான் பால்கனில நின்னு பாத்தேனேம்மா."

ராஜம்மாவின் முகம் சுண்டிப்போனது. அவசரமாக முந்தானையால் மகனின் மூக்கைத் துடைத்தாள்.

அதற்குள் படுக்கையறைக் கதவு திறந்தது. நிஷா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். "மாத்திரை போட்டுட்டு வான்னு காலையிலயே படிச்சுப் படிச்சு சொன்னேன்ல பிரசன்னா!"

போச்சு, எல்லாம் போச்சு, நான் கவிழ்த்த பாட்டிலில் என் தங்கச்சியின் வாழ்க்கையே கவிழ்ந்தது என்று சுதா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஏகாம்பரம் "காலையிலயா?" என்று ஆரம்பித்தார். சுதா அவர் கையை அழுத்தி அடக்கினாள்.

ராஜம்மா நிஷாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவன் தும்முறது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஆன்ட்டி. ஏசி போட்டாத் தும்முவாரு. ஊதுபத்திக்குத் தும்முவாரு. ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டு."

"தெரிஞ்சுமா கட்டிக்கிறேன்றே?"

"தெரிஞ்சுதான்" என்றாள் நிஷா.

ராஜம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "போற எடத்துலல்லாம் சீக்குக்காரப் பையன்னு சொன்னாங்கம்மா. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே ஒரு கொற கண்டுபுடிச்சு எழுந்து வந்துட்டா மரியாதையா கீதுன்னு பழகிட்டேன்."

சுதா எல்லா ஜன்னல்களையும் போய்த் திறந்துவிட்டு வந்தாள். காபி வந்தது, கேசரி வந்தது. எப்போதிலிருந்து பழக்கம் என்று ஏகாம்பரம் கேட்டார். பிள்ளைகள் இரண்டும் தலை குனிந்துகொண்டன. திட்டலாமா, சிரிக்கலாமா என்று தெரியாமல் அவர் இன்னொரு கரண்டி கேசரி போடச் சொன்னார். ராஜம்மா பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு நிஷாவின் பின்னால் போய் நின்றாள். பூ வைத்துவிட்டால் பேசி முடித்த மாதிரி.

பூ கூந்தலைத் தொடுகிற சமயம் பார்த்து, பிரசன்னா தும்மினான். ஒரே ஒரு தும்மல்.

"ஒத்தத் தும்மல்! நல்ல காரியத்துக்கு ஆவாதே" என்று பதறினார் ஏகாம்பரம். "இன்னொண்ணு போடுப்பா, இன்னொண்ணு!"

பாவம், பிரசன்னா கூரையைப் பார்த்தான், மூக்கைத் தேய்த்தான். அவ்வளவு நேரம் நிற்காத தும்மல் இப்போது வரவே மாட்டேன் என்றது. நிஷாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சும்மா கெடங்க சம்பந்தி" என்றாள் ராஜம்மா. "இவன் தும்மலுக்கெல்லாம் சகுனம் பாத்துக்கினு இருந்தா, இவன் பொறந்ததுலருந்து நான் ஊட்ட உட்டு வெளியவே வந்திருக்க மாட்டேன்."

பூவை வைத்துவிட்டாள்.