அனுசியாவுக்கு விழுந்த ஒன்ஸ்மோர்

ராயகிரி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், விஷம் குடித்துச் சாகும் ராணியாக நடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்திரீபார்ட் அனுசியா நிஜமாகவே செத்துப்போனாள். நெஞ்சில் ஒரு சுருக்கு, அவ்வளவுதான். பாட்டின் கடைசி அடியைப் பாடியபின் அவள் மூச்சு வாங்காததை ஆர்மோனியக்காரர்தான் முதலில் கவனித்தார். திரை போடுகிறவன் கயிற்றைத் தேடுவதற்குள் கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஓர் ஆண்குரல் கணீரென்று "ஒன்ஸ்மோர்" என்றது. நாடகக்காரர்களுக்கு அது சாமி வாக்கு. காய்ச்சலானாலும் சரி, வீட்டில் இழவு விழுந்தாலும் சரி, ஒன்ஸ்மோர் கேட்டால் முதலடியிலிருந்து பாடியே ஆகவேண்டும். அனுசியா எழுந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாடினாள். ஊர் கைதட்டியது.

அதற்குப் பிறகு அவளுக்கு நாடி மட்டும் இல்லை. தென்காசி டாக்டர் இரண்டு கையையும் மாறிமாறிப் பிடித்துப் பார்த்துவிட்டு, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, புளியைக் குறைக்கச் சொன்னார். நாடியில்லாமலே அவள் கல்யாணம் செய்தாள், மாரிச்செல்வியைப் பெற்றாள், சங்கரன்கோவில் முதல் செங்கோட்டை வரை மேடையேறினாள். கொடைகளில் நாடகம் போய் ஆர்கெஸ்ட்ரா வந்தபின், இலஞ்சியில் சத்துணவுக் கூடத்தில் சமைத்தாள். காலையில் கண் விழித்ததும் அந்தக் குரலுக்கு ஒரு கும்பிடு போடுவாள். நேரில் நன்றி சொல்லவில்லையே என்பதுதான் தீராத குறை. சீசனுக்குக் குற்றாலம் போனாலும் குளிக்காமல், ஆண்கள் வரிசைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். அருவி இரைச்சலில் எந்தக் குரல் கேட்கும்? "ஊரு என்னம்மா பேசும்?" என்று மாரிச்செல்வி தலையில் அடித்துக்கொள்வாள்.

போன ஆனியில் ஒருநாள் சாரலுக்கு ஒதுங்கித் தென்காசி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் தாயும் மகளும் நின்றபோது, பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வந்தது: "குற்றாலீஸ்வரா, ஒன்ஸ்மோர்." வயசில் கொஞ்சம் கரகரத்திருந்தாலும் அதே கணீர். டீ மாஸ்டர் குற்றாலீஸ்வரனிடம் காலித் தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தவர் ரிட்டயர்டு ஏட்டு பேச்சிராஜ். அனுசியா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ராயகிரிக் கதையை அழுதுகொண்டே சொன்னாள். அவர் நெளிந்தார்.

"பொய் சொல்லப்படாதுல்லா. நான் அன்னைக்கு அங்கன பந்தோபஸ்து. மேடைக்கு முதுகக் காட்டித்தான் நிக்கணும். சுக்குக்காப்பிக்காரன்கிட்ட ரெண்டாவது தம்ளர் கேட்டேன். எங்க செட்டுல அதுக்கு ஒன்ஸ்மோருன்னுதான் சொல்லுவோம்."

அனுசியாவுக்கு மறுபடியும் அந்தச் சுருக்கு வந்தது. அடுத்தவருக்கு விழுந்த ஒன்ஸ்மோரை எடுத்துப் பாடுவது மேடையில் பெரிய குற்றம். அவளோ அப்படி ஒன்றை எடுத்து ஓர் ஆயுசே வாழ்ந்துவிட்டாள்.

"அப்பம் அது எனக்கு விழலியா, அண்ணாச்சி?" என்று பெஞ்சில் சரிந்தாள். நெற்றி குளிர்ந்துகொண்டே வந்தது. மாரிச்செல்வி பதறிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சிராஜுக்கு என்னமோ போலாகிவிட்டது. எத்தனையோ கொடைக்குக் காவல் நின்றும் ஒரு நாடகத்தைக்கூடப் பார்க்காத மனிதர் அவர். அவளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அது என்ன பாட்டுன்னே எனக்குத் தெரியாது. இப்பம் பாடுங்க, கேக்கேன்."

போகிற உயிர் பாட்டோடு போகட்டும் என்று அனுசியா பாடினாள். சுரண்டை பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். கடைசி அடி முடிந்தது. அவள் மூச்சு வாங்கவில்லை. பேச்சிராஜ் அவள் முகத்தையே பார்த்து, பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கும்படி "ஒன்ஸ்மோர்" என்றார்.

குற்றாலீஸ்வரன் பழக்கதோஷத்தில் இன்னொரு டீயைப் போட்டு நீட்டினான். இதுவும் தனக்குத்தான் என்று அனுசியா எழுந்து உட்கார்ந்து, அதை வாங்கிக் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, முதலடியிலிருந்து பாடத் தொடங்கினாள்.