மாப்பிள்ளை நாலு மணிக்குப் போன இடம்

எங்கள் வீட்டு நாய்க்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அம்மா. வந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டாள். வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும், சாப்பிட்ட இடத்திலேயே தூங்க வேண்டும், யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடக் கூடாது. வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டாள். பெயர் அப்படி அமைந்த பிறகு 'வாடா போடா' என்று கூப்பிட ஒருவருக்கும் வாய் வரவில்லை. பதிமூன்று வருஷமும் 'வாங்க போங்க'தான்.

இதில் ஒரு சிக்கல். கல்யாணமாகாத இரண்டு பெண்கள் இருக்கும் வீடு எங்களுடையது. அம்மா ஒரு நாள் ஜன்னலோரம் நின்றுகொண்டு சித்தியிடம் போனில், "மாப்பிள்ளைக்கு நேத்துலேருந்து வயிறு சரியில்ல, மெத்தையிலயே போயிட்டார்" என்று சொல்லி வைக்க, அக்கா ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கட்டிடம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அக்காவுக்குக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. மறுத்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பேசாமல் இருந்துவிட்டாள்.

அப்பாவின் தொழில் பல்செட் செய்வது. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அச்சு வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் மோட்டாரில் பாலிஷ் போட்டுக் கொடுப்பார். முன்னறைதான் பட்டறை. அந்த மேசைக்கு அடியில்தான் மாப்பிள்ளையின் வாசம். ஒரு முறை யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பல்செட்டைக் கவ்விக்கொண்டு போய் மாடிப்படியின் உச்சியில் நின்றுவிட்டார். கீழேயிருந்து ஏறி வந்த கூரியர்காரர் நிமிர்ந்து பார்த்தால், ஒரு நாய் மனிதச் சிரிப்பு சிரித்துக்கொண்டு நிற்கிறது. அந்த ஆள் அதற்குப் பிறகு மாடிப்படியில் கால் வைக்கவே இல்லை. அந்தப் பல்செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்பா புதிதாக ஒன்று செய்து கொடுத்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மருந்துத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊற வைத்தார் என்பது மட்டும் உண்மை.

கீழே குடியிருக்கும் வீட்டு ஓனரை மாப்பிள்ளை இரண்டு முறை கடித்திருக்கிறார். இரண்டு முறையும் வாடகை ஏற்றுவதைப் பற்றிப் பேச வந்தபோது. அதனால் அப்பா அந்தக் கடிகளைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கு இருந்த ஒரே குறை வேறு. பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "உக்காருங்க மாப்பிள்ளை" என்பார். மாப்பிள்ளை பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். பதிமூன்று வருஷத்தில் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை. அப்பா விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நாலு மணியானால் மாப்பிள்ளை எழுந்து சோம்பல் முறித்து, படியிறங்கி எங்கேயோ போவார். ஆறு மணிக்குத் திரும்பி வருவார். வயசுப் பிள்ளை, ஊர் சுற்றுகிறார் என்று அப்பா சொல்வார். மாப்பிள்ளையின் மூக்கு நரைத்துப் பின்னங்கால் தள்ளாட ஆரம்பித்த பிறகும் அதையேதான் சொன்னார்.

போன வருஷம் சிறுநீரகம் கெட்டுவிட்டது. கால்நடை டாக்டர் நிறையச் சோதனை செய்து பார்த்துவிட்டு, இனிமேல் ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும் என்றார். இவ்வளவு நாள் வேறென்ன செய்துகொண்டிருந்தாராம் என்று அம்மா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய் ஈரலை வேகவைத்து, விரலால் நசுக்கி, வாயில் ஊட்டிவிட்டதும் அவள்தான். கடைசி இரண்டு வாரம் அவரால் படியிறங்க முடியவில்லை. நாலு மணிக்குக் கதவுவரை போய், கதவில் மூக்கை வைத்துப் படுத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சத்தத்தில் நான் விழித்தேன். லீவு நாளில் அப்பா மோட்டாரைத் தொடவே மாட்டார். அரை மணி நேரமாகியும் சத்தம் நிற்கவில்லை. அம்மா எழுந்து போய்ப் பார்த்தாள். அப்பா சக்கரத்தில் எதையும் பிடிக்காமல் சும்மா ஓடவிட்டு, குனிந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை மேசைக்கு அடியில், அப்பாவின் செருப்பின் மேல் தலையை வைத்தபடி போய்ச் சேர்ந்திருந்தார்.

"மோட்டாரை நிறுத்துங்க," என்றாள் அம்மா. "நாங்களும் அழணும்."

அப்பா நிறுத்தினார். நாங்கள் நாலு பேரும் முன்னறையில் உட்கார்ந்து, சுற்றிலும் அலமாரியில் இருபது முப்பது பல்செட்டுகள் இளித்துக்கொண்டிருக்க, ஒரு பாட்டம் அழுது தீர்த்தோம்.

அழுது முடித்த பிறகுதான் எங்கே புதைப்பது என்ற கேள்வி வந்தது. கட்டிடத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சிமென்ட். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் பாய் அகலத்துக்கு மண் இருக்கிறது. அப்பா கீழே போய் ஓனரிடம் கேட்டார். ஓனர், இரண்டாவது கடி வாங்கியது சரியாக அந்த இடத்தில்தான் என்று நினைவுபடுத்தினார். நான் நகராட்சிக்குப் போன் செய்தேன். தண்ணீர் மெஷின் கம்பெனியில் நாள் முழுக்கப் புகார் வாங்குகிற வேலை எனக்கு. இருந்தும் பத்து நிமிஷம் என்னைக் காக்க வைத்துப் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு வண்டி அனுப்புகிறோம், மூட்டை கட்டி வாசலில் வையுங்கள் என்றார்கள். மூட்டை என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா போனை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

பதினொரு மணி வாக்கில் ஒரு அம்மாள் மெதுவாக மாடியேறி வந்தார். எழுபது வயதிருக்கும். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் சின்ன எவர்சில்வர் டப்பா. மூச்சு வாங்கியது.

"தம்பி இங்கதான் இருக்கானா?" என்று கேட்டார்.

எங்களுக்குப் பிள்ளையே கிடையாது, இரண்டும் பெண்தான் என்று அம்மா சொன்னாள்.

"இல்லம்மா. பழுப்பு நிறம். இடது காது மடிஞ்சிருக்கும். ரெண்டு வாரமா வரல. ஒவ்வொரு தெருவா விசாரிச்சிட்டு வரேன். கடிக்கிற நாய் ஒண்ணு மாடியில இருக்குன்னு கீழ சொன்னாங்க. எங்க தம்பி கடிக்க மாட்டான். இருந்தாலும் பார்த்துடலாம்னு வந்தேன்."

நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா என் காதில், "அடப்பாவி, மாப்பிள்ளைக்குச் சின்ன வீடு இருந்திருக்கு" என்றாள். துக்க வீட்டில் சிரிப்பு வந்தால் அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அம்மா அவர் கையைப் பிடித்து மேசைப் பக்கம் கூட்டிப்போனாள். அந்த அம்மாள் பார்த்தார். மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். மடிந்த காதை நிமிர்த்தி வைத்தார். அது பழையபடி மடிந்துகொண்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

பிறகு அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அவர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். ஒன்பது வருஷமாகத் தம்பி தினமும் நாலேகாலுக்கு வருவானாம். வாசல் மிதியடியில் காலைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வருவானாம். அவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பாராம், அவன் குறுக்கே பேசாமல் கேட்பானாம். பிஸ்கட்டை முன்னால் வைத்தால், எடுத்துக்கோ என்று சொல்லும்வரை தொட மாட்டானாம். கழுத்தில் பட்டை இல்லாததால் அநாதை என்றுதான் நினைத்திருந்தாராம். பட்டை போட்ட அன்றே மாப்பிள்ளை அதைக் கடித்துத் தின்றுவிட்டதை நாங்கள் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்பா இதையெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உக்காருன்னா உக்காருவாரா?"

"உடனே உக்காருவான்," என்றார் டீச்சர்.

அப்பா டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். சாவைக்கூட ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டிருந்த மனுஷன், இதைத் தாங்கவில்லை.

டீச்சர் தன் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது, நல்ல மண், அங்கே வைத்துவிடலாம் என்றார். அப்பா முடியாது என்றார். பதிமூன்று வருஷம் சாப்பாடு போட்டு வளர்த்தது நாங்கள், எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியும் என்றார். எங்கே என்று அக்கா கேட்டதும் ஜன்னல் வழியாகக் கீழே சிமென்ட்டைப் பார்த்தார். தன்னிடம் அவன் இருந்தது இரண்டு மணி நேரம்தான், ஆனால் ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்றார் டீச்சர். இரண்டு பேரும் குரலை உயர்த்தாமல் இப்படியே கால் மணி நேரம் வழக்காடினார்கள். அம்மாதான் முடித்து வைத்தாள்.

"உயிரோட இருக்கும்போது நம்ம யாரையும் கேட்டுட்டா போனார்? போகட்டும் விடுங்க."

அக்காவின் போர்வையில் சுற்றினோம். அதை ஏற்கெனவே மூன்று இடத்தில் அவரே கிழித்திருந்தார். தூக்கிப் பார்த்தால் தூக்க முடியவில்லை. உடம்பு இளைத்துவிட்டது என்று இரண்டு வாரமாக அம்மா புலம்பியதெல்லாம் சும்மா. கடைசியில் ஓனர்தான் கேஸ் சிலிண்டர் தள்ளும் வண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் கூடவே வந்தார். உண்மையாகவே போய்விட்டாரா என்று சரிபார்க்கத்தான் வருகிறார் என்றாள் அக்கா.

அப்பா வண்டியைத் தள்ளினார். போர்வைக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் தெருவுக்கே டாட்டா காட்டிக்கொண்டு வந்தது. துணிக்கடை வாசலில் நின்ற ஒரு பெண், அம்மாவின் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு யார் தவறிப்போனது என்று கேட்டாள். அம்மா இருந்த நிலையில், "மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டாள். வண்டி முன்னால் போய்விட்டதால் அந்தப் பெண் அதைப் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தச் சின்ன வயதில் இப்படி ஆகியிருக்க வேண்டாம் என்று கண் கலங்கினாள். அக்கா, "எல்லாம் முடிஞ்சு போச்சுங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அடுத்த தெரு திரும்பியதும் நானும் அவளும் ஒரு சுவரில் சாய்ந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்தபோது இரண்டு பேர் முகமும் ஈரமாக இருந்தது.

டீச்சர் வீட்டுத் தோட்டம் அவரைப் போலவே ஒழுங்காக இருந்தது. செடிகள் எல்லாம் வரிசையில் நின்றன. மூலையில் ஒரு எலுமிச்சை மரம். தம்பி எப்போதும் அதன் அடியில்தான் படுப்பான், அங்கேயே வைக்கலாம் என்றார் டீச்சர். அப்பாவும் ஓனரும் மாற்றி மாற்றித் தோண்டினார்கள். ஒரு முழம்கூட இறங்கவில்லை, மண்வெட்டியில் ஏதோ சிக்கியது.

ஒரு செருப்பு. இடது கால். அதற்குக் கீழே இன்னொன்று, அதுவும் இடது. அப்புறம் அம்மாவின் மரக்கரண்டி, என் ஹெட்போன், அக்காவின் ஒற்றை சாக்ஸ்கள் நாலு, யாருடையது என்றே தெரியாத ஒரு டிவி ரிமோட், மறுபடி ஒரு செருப்பு. வெளியே எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. ஓனர் ஒரு தோல் செருப்பைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டி, திருப்பிப் பார்த்தார்.

"இது என்னுது," என்றார். "இதுக்காகப் பால்காரனோட நாலு வருஷமாப் பேசறதில்ல."

டீச்சர் வரப்பில் அப்படியே நின்றுவிட்டார். "தம்பியா இப்படி?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் களை வந்திருந்தது.

"உங்க வீட்ல காலைத் தேய்ச்சிட்டு வந்தார், சரி," என்றார். "திருட்டுச் சாமானைப் பதுக்கத்தான் வந்திருக்கார். பேப்பர் கேட்டதெல்லாம் சும்மா."

டீச்சர் குனிந்து ஒரு சாக்ஸை எடுத்து மண்ணை உதறிப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமே வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. ஒன்பது வருஷம் ஒரு பொய்க்காரனை உட்காரவைத்துத் தலையங்கம் படித்துக் காட்டியிருக்கிறேன் என்றார்.

குழியில் இறக்கினோம். டீச்சர் டப்பாவைத் திறந்து, கொண்டுவந்திருந்த பிஸ்கட்டுகளைப் போர்வை மேல் வைத்தார். "எடுத்துக்கோ" என்றார் மெதுவாக. அம்மா மரக்கரண்டியைத் திரும்ப உள்ளே போட்டாள், இனி அதை வைத்துச் சமைக்கவா போகிறேன் என்றாள். ஓனர் மட்டும் செருப்பைக் கொடுக்கவில்லை. வீட்டில் வலது கால் பத்திரமாக இருக்கிறதாம். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா தொண்டையைச் செருமினார். குனிந்து போர்வையை இழுத்து, வெளியே நீட்டியிருந்த காலை மூடினார்.

"இப்பவாவது சொன்ன இடத்துல இருங்க, மாப்பிள்ளை," என்றார்.

முதல் மண்ணை அவர்தான் தள்ளினார். முழுக்க மூடி முடிக்கும்வரை மண்வெட்டியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

இது நடந்து எட்டு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வருகிறார், அல்லது நாங்கள் போகிறோம். ஓனர் பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்கிறார். பால்காரர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறார். செத்துப்போனது எவ்வளவு நல்ல நாய் என்பதில் டீச்சருக்கும், எவ்வளவு போக்கிரி என்பதில் அப்பாவுக்கும் இன்னும் விவாதம் முடியவில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் ஒத்த கருத்து: இனி ஜென்மத்துக்கும் வேறு நாய் வேண்டாம், பட்டது போதும். வாரா வாரம் அதைத் தவறாமல் ஒரு முறை சொல்லிக்கொள்கிறார்கள். போன வாரம் சொல்லி முடித்துவிட்டு, குட்டியாக வாங்கினால் நல்லதா, கொஞ்சம் வளர்ந்ததாகப் பார்ப்பதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.