வலப்பக்கம் மஞ்சள் விளக்கு

சேந்தமங்கலம் கடைவீதிக்குப் பின்னால் இருந்த சந்தில் ரியாசுதீனும் அவன் மனைவி சபீராவும் குடியிருந்தார்கள். ரியாசுதீன் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் வயரிங் வேலை பார்த்தான். சபீரா வீட்டின் முன்னறையில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்த்தாள். ஐ.டி.ஐ.யில் அவள் படித்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பைத்தியம் இருந்தது. ரிமோட்டில் ஓடும் லாரி செய்வார்கள். தகரத்தை வெட்டி வளைத்து, பெயின்ட் அடித்து, இரண்டடி நீளத்தில் அசல் லாரி போலவே இருக்கும். தகர வேலை அவனுடையது. விளக்கும் சத்தமும் அவளுடையது. ரிமோட்டில் ஓட்டுவதற்கு இரண்டு குச்சிகள், விளக்குக்கு ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். ஒரு தட்டு தட்டினால் சின்ன விளக்கு எரியும், இரண்டு தட்டினால் பெரிய விளக்கு, மூன்று தட்டினால் பிரைட், நாலு தட்டினால் அணைந்துவிடும். விடாமல் அழுத்திப் பிடித்தால் ஹாரன். ஒரு நிமிடச் சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளும் சிப் ஒன்றை ரியாசுதீன் சென்னையிலிருந்து வாங்கி வந்த பிறகு, எந்த லாரியின் ஹாரனையும் சபீரா பொம்மையின் வயிற்றுக்குள் வைத்துவிடுவாள்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஐப்பசியில் செல்லமுத்து வந்தார். கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கும் லாரிகள் அவருக்கு ஓடின. மலைமேல் லாட்ஜ் கட்டப்போகிறார் என்றும் ஊரில் பேச்சு இருந்தது. ஒரு போட்டோவையும் ஒரு கேசட்டையும் மேஜைமேல் வைத்தார்.

"இதே மாதிரி வேணுமுங்க. பச்சை கேபின். வலப்பக்க லைட்டு மஞ்சளு, இடப்பக்கம் வெள்ளை."

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்கும்?" என்றாள் சபீரா.

"இந்த வண்டிக்கு இப்படித்தான். கேசட்டுல ஹாரன் இருக்குது. அதுவும் அதே மாதிரி கேக்கோணும். தூரத்துல இருந்து கேட்டாக்கூட."

"யாருக்குங்க?"

"பையனுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வாசலைப் பார்த்தார்.

கேசட்டைப் போட்டுக் கேட்டார்கள். மூன்று குழல் காற்று ஹாரன். முதலில் இரண்டு குட்டை ஊதல், பிறகு ஒரு நீட்டல், நீட்டலின் கடைசியில் குரல் உடைந்து இறங்கியது. ரியாசுதீனுக்கு வேலை பிடித்துவிட்டது. சபீராவுக்கு அந்தக் கடைசி இறக்கம் என்னவோ போலிருந்தது. ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

லாரியில் ஒரு குறை மட்டும் தீரவேயில்லை. விளக்குக்கும் சத்தத்துக்கும் ஒரே பேட்டரி என்பதால், ஹாரன் அடிக்கும்போதெல்லாம் முன் விளக்குகள் மங்கி, ஹாரன் நின்றதும் மறுபடி பளிச்சென்று எரிந்தன. செல்லமுத்துவிடம் சொன்னபோது, "அது பரவாயில்லீங்க" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். பழுதானால் சோதித்துப் பார்க்க, அதே அலைவரிசையில் சபீரா இன்னொரு ரிமோட்டும் செய்து வைத்திருந்தாள். அது வீட்டிலேயே தங்கிவிட்டது.

கார்த்திகை பிறந்து இரண்டு வாரம் இருக்கும். கொல்லிமலை அரியூர் நாட்டிலிருந்து கண்ணாயி என்பவள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சபீரா அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கையில் அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"சீக்கிரம் குடுத்துரு கண்ணு. ரெண்டு மணி பஸ்ஸைப் புடிச்சு இருட்டறதுக்குள்ள நான் ஊடு சேரோணும். அதுக்கு மேல எங்க ரோட்டுல ஒருத்தரும் நடக்கறதில்ல."

"ஏனுங்க?"

"செல்வம் லாரி வருது."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்ச் சின்னுசாமியின் மகன் செல்வம் ஓட்டி வந்த கிழங்கு லாரி, அவர்கள் மிளகுக் காட்டை ஒட்டிய திருப்பத்திலேயே பள்ளத்தில் உருண்டது. செல்வம் அங்கேயே போய்விட்டான். இப்போது பத்து நாளாக, பொழுது இறங்கி மூடுபனி கட்டியதும், லாரியே போக முடியாத பழைய வண்டித் தடத்தில் அவன் லாரி வந்து நிற்கிறதாம். அதே மஞ்சள் விளக்கு, அதே வெள்ளை விளக்கு.

சபீராவின் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் நின்றது. "நீங்க பார்த்தீங்களா?"

"இந்தக் கண்ணால பார்த்தேன். ஹாரன் அடிக்கும். அடிக்கறப்ப லைட்டு ரெண்டும் அப்படியே அணையப் போற மாதிரி மங்கிரும். அப்புறம் திரும்ப எரியும். உசுரு போயிப் போயி வருதாட்ட."

"அந்த லாரி யாரோடதுங்க?"

"செல்லமுத்து லாரிதான். அவருதான் அந்தக் காட்டை லாட்ஜுக்குக் குத்தகைக்குக் கேக்கறாரு. சின்னுசாமி எழுதிக் குடுத்துட்டுப் போயிரலாங்கறான். அவன் பொண்டாட்டி அத்தாயிதான் நகரமாட்டேங்கறா. மவன் தேடி வர்றப்ப நான் எங்க போவேன்னு கேக்கறா. பொழுது இறங்குனா பள்ளத்தோரம் போயி உக்காந்துக்கறா."

அன்று இரவு சபீரா எல்லாவற்றையும் சொன்னாள். ரியாசுதீன் முதலில் நம்பவில்லை. ஒரு சாண் இடைவெளியில் இருக்கும் இரண்டு சின்ன விளக்கை யாராவது லாரி என்று நினைப்பார்களா என்றான்.

"பனியில தூரம் தெரியுமாங்க? பக்கத்துல சின்னதா இருக்கறதும், தூரத்துல பெருசா இருக்கறதும் ஒண்ணுதான்" என்றாள் அவள். "அந்த மங்கற லைட்டு என்னோட தப்பு. எந்த லாரியிலயும் அப்படி மங்காது. அது நம்ம வண்டிதான்."

மறுநாள் ரியாசுதீன் வேலைக்குப் போகவில்லை. இரண்டாவது ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டு மத்தியான பஸ்ஸில் மலையேறினார்கள். வளைவுகள் ஏற ஏறக் கீழே சேந்தமங்கலம் வெயிலில் கிடந்தது. மேலே சோளக்காடு ஊரைத் தாண்டியதும் வெயில் இல்லை. பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போனது.

சின்னுசாமியின் வீட்டை அடைந்தபோது மணி ஐந்தரையைத் தாண்டியிருந்தது. அவர் வாசலில் மிளகைக் குவித்து அள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கால் சரியாக ஊன்றவில்லை.

"அம்மா எங்கீங்க?" என்றாள் சபீரா.

"அவளா? போயிட்டா. நீங்க யாருங்க, அம்மிணி?"

சபீரா சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்துக் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் முகத்தில் பயம்தான் இருந்தது.

"இன்னிக்கு அவ சோத்தைப் போசியில கட்டிட்டுப் போனாளுங்க" என்றார். "நேத்து அவன் ரொம்பக் கிட்ட வந்துட்டானாம். இன்னிக்குப் போயிச் சேந்துருவேன்னு சொல்லிட்டுப் போனா."

மூன்று பேரும் ஓடினார்கள். சின்னுசாமி பின்தங்கினார்.

தடம் ஒரு பள்ளத்தின் தலையைச் சுற்றி வில்லைப் போல வளைந்தது. அந்தப் பள்ளத்தில்தான் செல்வம் விழுந்தான். பனி பள்ளத்தை விளிம்பு வரை நிரப்பித் தரையைப் போலவே ஆக்கிவிட்டிருந்தது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது எதிர்ப்புறத்தில் ஹாரன் அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நீட்டல், உடைந்து இறங்கும் குரல். ஒரு மஞ்சள் வெளிச்சமும் ஒரு வெள்ளை வெளிச்சமும் மங்கிப் பிறகு தெளிந்தன. சபீராவே செய்த லாரி அது. உள்ளே எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனாலும் அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். ஏதோ ஒரு பெரிய வண்டி, தூரத்தில், யாருக்காகவோ காத்திருந்தது.

"இதோ வாரேன் சாமி!" என்று ஒரு பெண்ணின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. "நில்லு, வாரேன்!"

குரல் தடத்திலிருந்து வரவில்லை. அத்தாயி தடத்தை விட்டு இறங்கி, விளக்கைப் பார்த்து நேராக நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் விளக்குக்கும் நடுவில் பள்ளம் இருந்தது.

"அத்தாயி!" பின்னாலேயே வந்து சேர்ந்த சின்னுசாமி கத்தினார். பதில் இல்லை. ரியாசுதீன் குரல் வந்த திசையில் பாய்ந்தான். நாலு எட்டில் அவனையும் பனி மறைத்தது. காலடியில் சரளை உருண்டு கீழே போகும் சத்தம் கேட்டது. "ஒண்ணுமே தெரியல, சபீரா!" என்று அவன் கத்தினான்.

சபீரா ரிமோட்டை எடுத்தாள். விளக்கை அணைக்கத்தான் முதலில் விரல் போனது. அணைத்தால் அத்தாயி இருட்டில் விளிம்போரம் நிற்பாள், நடந்த வாக்கிலேயே இன்னும் நாலு அடி வைப்பாள். சபீரா பொத்தானை விட்டுவிட்டுக் குச்சியைத் தள்ளினாள்.

எதிர்ப்புறத்தில் இருந்தவன் கையிலும் ஒரு ரிமோட் இருந்தது. இரண்டு கட்டளைக்கும் நடுவில் லாரி துள்ளியது. முன்னால் வந்து, நின்று, வெட்டி வெட்டித் திரும்பியது. ஹாரன் சிக்கிக்கொண்டு ஓயாமல் அலறியது. விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. பனிக்குள் அத்தாயி அழ ஆரம்பித்தாள். "அய்யோ என்ன பண்ணுது சாமி? என்ன பண்ணுது உனக்கு?"

திடீரென்று எதிர்ப்புறத்தில் ஓர் ஆண் குரல் வீறிட்டது. தான் தொடாமலே லாரி ஓடுவதைப் பார்த்தவன், கையில் இருந்ததை வீசிவிட்டு ஓடினான். அவன் செருப்புச் சத்தம் ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. ஹாரன் நின்றது.

இப்போது லாரி சபீரா சொன்னதைக் கேட்டது. தடத்தின் வளைவு எப்படிப் போகிறது என்று சின்னுசாமி அவள் காதருகில் நின்று சொன்னார். "சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க… இன்னும்… அங்க ஒரு கல்லு இருக்குது, மெதுவா." அவள் மெதுவாக ஓட்டினாள். விளக்குகள் பள்ளத்தைச் சுற்றி நகர்ந்தன. அத்தாயியின் குரலும் திரும்பியது. ஆனால் பாதி வழியில் அந்தக் குரல் நின்றுவிட்டது.

சபீரா பொத்தானை அழுத்திப் பிடித்தாள். இறந்துபோன ஒரு பையனின் ஹாரனை, அவன் தாயைக் கூப்பிடுவதற்காக, தன் கையாலேயே அடித்தாள். யா அல்லா, என்னை மன்னிச்சுரு என்று உதடு முணுமுணுத்தது. விரல் பொத்தானை விடவில்லை.

"வாரேன், வாரேன்" என்று அத்தாயி வந்தாள்.

தடத்தின்மேல் அவள் கால் பட்டதும் ரியாசுதீன் அவள் கையைப் பிடித்துவிட்டான். அவள் உதறிவிட்டு லாரிக்கு முன்னால் குந்தினாள். அது அவள் முழங்கால் உயரம்கூட இல்லை. சோற்றுப் போசியைக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் விளக்கை உள்ளங்கையால் மூடினாள். கேபினைத் தடவினாள். உள்ளே யாரும் இல்லை என்பதை விரலால் பார்த்தாள்.

"யாரு செஞ்சது இது?"

"நாந்தானுங்க" என்றாள் சபீரா. "எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்கம்மா. பையனுக்குன்னு சொன்னாங்க."

"சத்தம்?"

"அதுவும் நாந்தானுங்க வெச்சேன்."

அத்தாயி அடிப்பாள், திட்டுவாள் என்று சபீரா காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னொருக்கா அடி" என்றாள் அத்தாயி.

"அம்மா, வேண்டாமுங்க."

"அடி கண்ணு."

சபீரா அடித்தாள்.

ஓடியவனைக் கீழே ரோட்டில் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். செல்லமுத்துவின் ஆள் காளியண்ணன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கிழவனும் கிழவியும் பயந்து காலி செய்யாததால், இன்னும் கிட்டே கொண்டுபோ என்று முந்தின நாள் காலையில்தான் செல்லமுத்து சொல்லி அனுப்பினாராம். நாட்டுப் பெரியவர்கள் கூடினார்கள். அந்தக் காட்டை அவருக்குக் கொடுப்பதில்லை என்று முடிவானது. வழக்குப் போடலாம் என்று ரியாசுதீன் நாமக்கல்லில் ஒரு வக்கீலைப் பார்த்தான். பொம்மை லாரி ஓட்டியதற்கு என்ன வழக்கு என்று அவர் கேட்டார். செல்லமுத்து அதன்பிறகு அந்தப் பக்கம் மலையேறவில்லை, அவ்வளவுதான்.

லாரியை அத்தாயி திருப்பித் தரவில்லை. ரிமோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மார்கழியில் சின்னுசாமி சபீராவின் வாசலில் வந்து நின்றார். துண்டில் எதையோ சுற்றி வைத்திருந்தார். பிரித்தால் லாரியின் பேட்டரி.

"இதுக்குக் கரண்டு ஏத்திக் குடுங்க, அம்மிணி. எங்க ஊட்டுக்கு இன்னும் லைன் வரலீங்க."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்கறா. சோறாக்கறா, களை வெட்டறா. பொழுது இறங்குனா அதை வாசல்ல வெச்சுட்டு அவளே பொத்தானை அமுக்குவா. ரெண்டு தட்டு, அப்புறம் ஹாரன். கொஞ்சநேரம் பேசிட்டுத் தூங்கிருவா." அவர் குரலைத் தாழ்த்தினார். "கரண்டு தீந்துபோன அன்னிக்கு மட்டும் பள்ளத்துப் பக்கம் போயிடறாளுங்க."

சபீரா சார்ஜில் போட்டுக் கொடுத்தாள். அவர் வாரத்துக்கு ஒருமுறை வந்தார். பிறகு நாலு நாளுக்கு ஒருமுறை. பேட்டரி கிழமாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அது மறுபடி எழாது என்று சபீராவுக்குத் தெரியும். பொம்மை லாரிக்கு வந்த மற்ற ஆர்டர்களை அவள் எப்போதோ வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தாள்.

"பேட்டரி செத்துப் போச்சுன்னு சொல்லிரு" என்றான் ரியாசுதீன். "எத்தனை நாளைக்கு இது?"

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மாசி மாதம் ஒரே வாரத்தில் இரண்டாம் முறை சின்னுசாமி வந்தபோது, சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அவருடைய வேட்டி முழங்கால் வரை கிழிந்திருந்தது. முழங்கையில் காயம் புதிதாக இருந்தது.

"நேத்து அவளை இழுத்துட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சுங்க" என்றார்.

"ஒரு நாளைக்கு அவங்களை இங்க கூட்டிட்டு வாங்க. டாக்டர்கிட்டக் காட்டலாம்."

"கூப்புட்டுப் பார்த்துட்டனுங்க. வரமாட்டா. அவன் வர்ற நேரத்துல ஊட்டுல இருக்கோணுமாம்."

சபீரா உள்ளே போனாள். அலமாரியிலிருந்து ஒரு புதுப் பேட்டரியை எடுத்து வந்து சார்ஜில் மாட்டினாள். அது நிரம்ப நேரம் ஆகும். சின்னுசாமி துண்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்தார். வெளியே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. மலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டார்.