ஜீப்புக்கு முன்னால் வந்த சத்தம்

ஜோஸ்லினின் ஜீப் ஓர் இடத்துக்கு வந்து சேர அரை மணி நேரம் முன்னதாகவே அதன் சத்தம் அங்கே வந்துவிடும். இது பெரியநாயக்கன்பாளையத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், மேட்டுப்பாளையம் ரோட்டில் கடை வைத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் அது ஆரம்பித்தது. முதலில் தெருமுனை அளவுக்குத்தான் முந்தியது. ஜீப் வளைவில் திரும்புவதற்குள் 'டொங்' என்று ஒரு சத்தம் தனியாகத் திரும்பிவிடும், கேட்டவர்கள் வேறு ஏதோ வண்டி என்று விட்டுவிட்டார்கள். ஐப்பசி மழையில் இடைவெளி கூடிக் கார்த்திகையில் அரை மணியில் நிலைத்தது. ஊரும் அதற்குத் தக்கபடி பழகிக்கொண்டது. பேக்கரி மாஸ்டர் சத்தம் கேட்ட பிறகுதான் ஜோஸ்லினின் டீக்குப் பாலை அடுப்பில் வைப்பார். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருமுறை காலி ரோட்டில் வந்த சத்தத்தைக் கைகாட்டி நிறுத்தி, வண்டி வரும்வரை வெயிலில் காத்து நின்று, வந்ததும் இன்சூரன்ஸ் பேப்பர் கேட்டார். நாய்கள் சத்தத்தைத் துரத்திக் களைத்துப் படுத்த பிறகு ஜீப் நிம்மதியாகப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய ஜோஸ்லின் பாதி வழியில் மனசு மாறிப் போத்தனூருக்கு வண்டியைத் திருப்பினார். அங்கே தங்கை ஆஷ்லி சத்தம் கேட்டுக் கூடுதலாக அரிசி போட்டு வைத்திருந்தார். நீ வருவது உனக்கே தெரியாதபோது சத்தத்துக்கு எப்படித் தெரிந்தது என்று ஆஷ்லி கேட்டதற்கு, அதை அப்புறம் பார்ப்போம், முதலில் சோற்றைப் போடு என்றார் ஜோஸ்லின்.

ஜோஸ்லின் போத்தனூர் ரயில்வே குடும்பத்துப் பெண். ஒரு எஸ்டேட் ஏலத்தில் அந்தப் பழைய ஜீப்பை எடுத்து, பெயிண்ட் அடித்து, தானே ஓட்டினார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால், பஸ்ஸும் ஆட்டோவும் ஏறாத ஆலங்குழிக்கு அது ஏறும். ஆலங்குழி என்பது மலை ஆரம்பிக்கும் இடத்தில் காடு தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் ஒரு வரிசை வீடு. அஞ்சாம் வகுப்புக்கு மேல் அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. காலையில் பெரிய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் விடுவதுதான் ஜோஸ்லினின் பிழைப்பு. பிழைப்பு என்று சொன்னாலும் அந்தப் பிள்ளைகள் மேல் அவருக்கு இருந்தது வெறும் டிரைவர் பாசம் இல்லை. யார் காலையில் சாப்பிடவில்லை, யாருக்குக் கணக்கு வரவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அதே பாதையில் இன்னொரு வண்டியும் ஏறிக்கொண்டிருந்தது. அது நூல் மில்லின் வேன். பத்தாவது தொடாத பெண் பிள்ளைகளையும் ஹாஸ்டலில் தங்க வைத்து வேலை கொடுக்கிறோம் என்று வீடு வீடாகப் பேசிவிட்டுப் போகும். அது புது வண்டி, பூனை மாதிரி வந்துபோகும். ஜோஸ்லினின் ஜீப்போ, வருவதற்கு அரை மணி முன்பே ஆலங்குழியின் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் டொங் டொங் என்று இடித்தது. பிள்ளைகளுக்கு அது வசதியாக இருந்தது, சத்தம் கேட்டு எழுந்தே தலை வாரிக்கொண்டார்கள். அங்கே குடியிருந்த மாசாணியம்மாள் மட்டும் அதைக் கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். அந்த லாரியிலும் இதே சத்தம் வந்தது, பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள், ஒரு நாள் இறக்கத்தில் அடியில் சுற்றும் ஷாஃப்ட் கழன்று ரோட்டில் குத்தியது. அதற்குப் பிறகு மாசாணியம்மாளுக்கு மிச்சம் இருந்தது மகள் கயல்விழி ஒருத்திதான். அரையாண்டுப் பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு அவர் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"உங்க மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க்கா. ஆனா இந்தச் சத்தத்த நான் ஒருக்கா கேட்டுப்போட்டேன். இது நிக்கட்டும், நின்ன அன்னிக்கி கயலை நானே கொண்டாந்து ஏத்தி உடறேன்."

நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஜோஸ்லின் கேட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கே மில் வேன் வருகிறது, மற்ற வீட்டுக்காரர்களும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று மாசாணியம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த வருஷம் ஜோஸ்லின் கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கியதாகவே தெரியவில்லை.

ஜீப்பை வழக்கமாகப் பார்ப்பவர் காளிச்சாமி. மெயின் ரோட்டை ஒட்டிய அவருடைய ஒர்க்ஷாப்பில் கழற்ற முடியாத நட்டு இன்னும் வந்ததில்லை என்பது அவரே சொல்லிக்கொள்வது, மறுத்துப் பேசியவரும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவர் மூன்று மாதமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். வண்டியைக் கொண்டுவந்தால் சத்தம் இருக்காது. மெக்கானிக்கிடம் போனால் சத்தம் ஒளிந்துகொள்வது உலகத்து வண்டிகளுக்கெல்லாம் உள்ள புத்திதான், இந்த ஜீப் அதைக் கொஞ்சம் அதிகமாகச் செய்தது. ஓட்டும்போது ஜோஸ்லினின் பாதத்தில் ஒரு குலுக்கல் மட்டும் தெரியும், அதற்குரிய சத்தம் அரை மணி முன்பே போயிருக்கும். காளிச்சாமி எஞ்சின் அடியில் இருக்கும் ரப்பரை மாற்றினார், பின் அச்சைத் திறந்து பல்லைப் பார்த்தார், ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லீங்களே அம்மணி என்றார். லீவு விட்ட மறுநாளும் அதையே சொல்லிவிட்டு, ஆனால் நீங்கள் வருவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் இந்தப் பள்ளத்துக்கு மேலே நன்றாகக் கேட்டது என்று சேர்த்துக்கொண்டார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. இத்தனை நாளும் சத்தம் போன பிறகு வண்டியைப் பார்த்திருக்கிறோம், இனி வண்டி வருவதற்கு முன்னால் சத்தத்தைப் பார்த்தால் என்ன?

அதற்கு அடுத்து வந்த காலை வேளைகளில் அந்த ஒர்க்ஷாப்பில் நடந்ததைப் பலரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாளைக்கு வந்து பள்ளத்துக்கு மேலே நிறுத்தி, கிளட்சை விட்டு விட்டு மிதியுங்கள், முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று ஜோஸ்லினிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். சொன்னபடி அவர் வந்து செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் உரிய சத்தம், அவர் வீட்டில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போதே காலிப் பள்ளத்துக்கு மேலே இடித்தது. காளிச்சாமி பள்ளத்துக்குள் இறங்கி நின்று அண்ணாந்து கேட்டார். அவருடைய கையாள் பிரான்சிஸ், எஞ்சின் வரவேண்டிய இடத்தில் நின்று காதைச் சாய்த்துக்கொண்டார். முன்னால் கேட்டால் எஞ்சின் ரப்பர், நடுவில் கேட்டால் ஷாஃப்ட், கடைசியில் கேட்டால் பின் அச்சு என்பது கணக்கு. முன் சக்கரங்களையும் சேர்த்து இழுக்கும் லீவரைப் போட்டுக்கொண்டு வரச்சொல்லி ஒரு நாள் கேட்டார்கள், சத்தம் முன்னால் நகரவில்லை. இரும்புப் பாரம் ஏற்றி வரச்சொல்லி இன்னொரு நாள் கேட்டார்கள், சத்தம் கனத்ததே தவிர இடம் மாறவில்லை. காளிச்சாமி வெறும் காற்றில் கையை உயர்த்தி, தலைக்கு ஒரு ஜாண் மேலே நிறுத்தி, இங்கேதான் என்றார். ஜீப் வந்து அதே இடத்தில் நின்றபோது அவருடைய உள்ளங்கை, பின் ஷாஃப்டின் இரண்டு பாதிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடத்தில் சரியாகப் பொருந்தியது.

கழற்றிக் கீழே வைத்தவுடன் விஷயம் வெளியே வந்தது. அந்த ஷாஃப்டின் இரண்டு பாதிகளும் பழகிய பல்லோடு பல்லாகத்தான் சேர வேண்டும், மாற்றிச் சேர்த்தால் சுற்றும்போது இடிக்கும். அதனால் பிரிக்கும் முன் இரண்டிலும் ஒரு குறி போடுவது வழக்கம். காளிச்சாமி கையில் கிடைப்பதை வைத்துக் குறி போடுகிறவர், சாக்பீஸ், சுண்ணாம்பு, ஒருமுறை தோசை மாவு. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் அவர் ஜீப்பின் ஷாஃப்டைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, இருந்த கிரீஸையெல்லாம் துடைத்து, கறுப்பு பெயிண்ட் அடித்தார். அவர் போட்ட வெள்ளைக் கோடு பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. பூஜைக்கு அவர் மனைவி ராமாமணி ஸ்பேனர் முதல் ஷாஃப்ட் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார், பிரிந்து கிடந்த இரண்டு பாதிக்கும் ஆளுக்கொரு பொட்டு. பூஜை முடிந்து மாட்ட வந்த பிரான்சிஸ் இரண்டு பொட்டையும் பார்த்து, இந்த முறை அண்ணன் சந்தனத்தில் குறி போட்டிருக்கிறார் என்று நினைத்து, பொட்டுக்கு நேராகப் பொட்டு வைத்துத் தட்டி ஏற்றிவிட்டார். மூன்று மாதம் ஓடியும் அந்தப் பொட்டுகளின் மஞ்சள் கறை அழியாமல் நேர்கோட்டில் இருந்தது.

ஜோஸ்லினுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. "ஒரு பொட்டால எம் புள்ளைங்க மில்லுல போயி நின்னிருக்குமுங்கண்ணா" என்று கத்தினார். காளிச்சாமி மழுப்பவில்லை.

"கோட்டு மேல பெயிண்ட் அடிச்சது நானுங்க அம்மணி, அவனச் சொல்லிக் குத்தமில்லை. நாளைக்கி வண்டி சத்தமில்லாம மலை ஏறும். ஏறலீன்னா இந்த ஷட்டரை நான் தொறக்கலீங்க."

அன்றைக்கே பெயிண்டைச் சுரண்டி வெள்ளைக் கோட்டைக் கண்டுபிடித்து, கோட்டோடு கோடு சேர்த்து, ஷாஃப்டின் முனையில் தேய்ந்திருந்த கிராஸ் இணைப்பை மாற்றி, கிரீஸை வழிய வழிய அடைத்து மாட்டினார்கள். ஜோஸ்லின் கிளட்சை விட்டபோது பாதத்தில் ஒரு குலுக்கலும் இல்லை. வண்டி வாங்கிய புதிதில்கூட இப்படி இருந்ததில்லை என்று பிரான்சிஸிடம் சொன்னார், கோபம் அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் திறக்கிற காலையில் ஜீப் எந்தச் சத்தமும் இல்லாமல் மலைப்பாதையில் ஏறியது. ஜோஸ்லின் சர்ச் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி ஓட்டினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியபோது அங்கே யாரும் இல்லை. வரிசை வீடுகள் பூட்டிக் கிடந்தன. புழுதியில் புது டயர்த் தடம் ஒன்று வந்து திரும்பிப் போயிருந்தது, அது மில் வேன் தடம் என்பதைச் சொல்ல ஆள் தேவையில்லை. அவர் இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தார். பிறகு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எல்லாம் சரியாகிவிட்ட அன்றைக்குப் பார்த்து எல்லாம் போய்விட்டதே என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

அப்போது பின்னால் சீட் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தார், காலியாக இருந்தது. யாரோ பையைப் பொத்தென்று போட்டார்கள். ஒரு டிபன் பாக்ஸ் மூடி தரையில் விழுந்து உருண்டது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஜன்னலோரத்துக்கு வழக்கமாக அடித்துக்கொள்ளும் இரண்டு குரல்கள் இன்றைக்கும் அடித்துக்கொண்டன. சத்தமே வரவில்லை, அக்கா வரமாட்டார் என்று எல்லோரும் அவரைக்காட்டுக்குக் காய் பறிக்கப் போய்விட்டோம், அங்கிருந்து ஜீப்பைப் பார்த்துத்தான் ஓடி வந்தோம் என்று ஒரு பையனின் குரல் மூச்சு வாங்கச் சொன்னது. சத்தம் நிற்பதைப் பற்றிப் பேசிக்கொண்ட மாசாணியம்மாளுக்கும் ஜோஸ்லினுக்கும், சத்தம் நின்றால் ஜீப் வருவது எப்படித் தெரியும் என்று அதுவரை தோன்றவே இல்லை. ஜோஸ்லின் அசையாமல் கேட்டார். எல்லாக் குரலும் வந்துவிட்டது, கயல்விழியின் குரல் மட்டும் வரவில்லை. கடைசியில் கதவுப் பக்கம் மாசாணியம்மாளின் குரல் கேட்டது.

"ஜீப்பு வரலியேன்னு வேன்காரன் கூப்பிட்டானுங்க்கா. சத்தம் நின்னா ஏத்தி உடறேன்னு சொன்னவ நானு, நின்னுபோச்சு, நீ போப்பான்னு திருப்பி உட்டுட்டேன். ஏறு கயலு, பாத்து ஏறு."

பிறகு முன் சீட்டில், அவருக்குப் பக்கத்தில், போலாங்க்கா என்று கயல்விழியின் குரல் வந்து உட்கார்ந்தது.

ஜோஸ்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டியைக் கீழே பார்க்கத் திருப்பி நிறுத்தி, பின் கதவை இறக்கி விட்டு, சீட்டில் இருந்த தூசியைத் துண்டால் தட்டினார். சத்தம் முந்தி வந்துவிட்டது, அவரைக்காட்டிலிருந்து ஆட்கள் வந்து சேர இன்னும் அரை மணி ஆகும். அவர் ஹாரன் அடிக்கவில்லை, ஏறி உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு எதற்கு ஹாரன்.