படுத்துக்கொண்ட ஏழு படிகள்

வெளிநாட்டு நிபுணர் வந்து இறங்கிய செவ்வாய்க்கிழமை காலை, பதினொன்று பத்துக்கு, மறுவாழ்வு மையத்தின் வாசலில் இருந்த ஏழு படிகளும் படுத்துக்கொண்டன. யாருக்கும் அடிபடவில்லை. மூன்றாம் படியிலிருந்த பூந்தொட்டி மட்டும் உருண்டு போய்க் காவலாளியின் நாற்காலியில் முட்டி நின்றது. முதலில் அடிப்படி சாய்ந்தது, பிறகு அதற்கு மேலுள்ளது, அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக. உச்சிப்படி மட்டும், பதவியில் பெரியது என்பதாலோ என்னவோ, கொஞ்சம் யோசித்துவிட்டுப் படுத்தது. ஐந்து நிமிடத்தில் வாசலில் நல்லதொரு சரிவுப் பாதை கிடந்தது. நிபுணர் தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே இயக்குநர் பூங்கொத்தோடு ஓடினார்.

நடக்க முடியாதவர்களுக்கென்றே கட்டிய கட்டடத்துக்கு ஏன் ஏழு படி வைத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வரைபடத்தில் பார்க்க எடுப்பாக இருந்ததாம். வருகிறவர்களைத் தூக்கி ஏற்ற இரண்டு அட்டெண்டர்கள் இருந்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை; ஊரே அவர்களை அப்படித்தான் கூப்பிட்டது. தினமும் முதலில் அவர்கள் தூக்குவது மாவுக்கட்டக்காவை. செயற்கைக்கால் செய்வதற்கு முன், மிஞ்சியிருக்கும் காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்செடுக்க வேண்டும். அந்த அச்சு இம்மி பிசகினாலும் கால் கடிக்கும். அக்கா எடுத்த அச்சில் செய்த கால் கடித்ததாகப் பதினோரு ஆண்டில் ஒரு புகாரும் இல்லை. அக்காவும் சக்கர நாற்காலிக்காரர்தான். நெட்டை ஒரு பக்கமும் குட்டை மறுபக்கமும் பிடித்துத் தூக்கியதால், அந்தப் பதினோரு ஆண்டும் அவர் வேலைக்கு வந்தது ஒருக்களித்தபடிதான். ஒவ்வொரு முறையும் "சிரமம் குடுக்கிறேன்" என்பார். அவர்களும் ஒவ்வொரு முறையும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார்கள்.

அந்த ஆண்டுதான் அரசு நிதி ஒதுக்கி ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. மறுவாழ்வு வேலையில் கைதேர்ந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து நாற்பது நாள் இங்கே வருவார், இங்கிருந்து ஒருவர் நாற்பது நாள் அங்கே போவார், இரு தரப்பும் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துக்கொள்ள வேண்டும். வந்தவர்தான் மேற்கண்ட நிபுணர். அவர் கார் வந்து நின்றது பத்தரைக்கு. தூக்குவதற்காக நெட்டையும் குட்டையும் குனிந்தபோது அவர் கையை உயர்த்தித் தடுத்தார், தன் மொழியில் சின்னதாக ஒரு வாக்கியம் சொன்னார், நாற்காலியின் பிரேக்கைப் போட்டார், பையிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். நாற்பது நிமிடம் கழித்துப் படிகள் படுத்தன. இயக்குநர் அமைச்சகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அந்த வாக்கியம் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. நாவலைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டார்.

நாற்பது நாளும் அக்கா நேராக நிமிர்ந்து உள்ளே போனார். அதைவிடப் பெரிய விஷயம், தண்ணீர் குடித்தார். கழிப்பறை, கட்டடத்துக்கு வெளியே கீழே இருந்தது. இன்னும் இரண்டு முறை தூக்கச் சொல்ல வேண்டுமே என்று அதுவரை காலையிலிருந்து சாயங்காலம் வரை தொண்டையை நனைக்காமல் இருந்தவர் அவர். இப்போது மேசைமேல் ஒரு சொம்பு வைத்துக்கொண்டார். நிபுணரும் அவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தார்கள். பாதி சைகை, பாதி போனில் மொழிபெயர்ப்பு. நாற்பத்தோராம் நாள் நிபுணரின் கார் தெருமுனை திரும்பியதும், முட்டி சொடுக்குவிடும் சத்தத்தோடு ஏழு படிகளும் எழுந்து நின்றன. அப்போது அக்கா உள்ளே ஈர மாவும் கையுமாக இருந்தார். அன்று சாயங்காலம் ஒருக்களித்தபடி இறங்கினார். சிரமம் கொடுப்பதாகச் சொல்ல அவருக்கு அன்று வாய் வரவில்லை.

அதோடு போயிருந்தால் பதினோரு ஆண்டோடு பன்னிரண்டாக அதையும் தாங்கியிருப்பார். ஆனால் நெட்டைக்கு ஓய்வு நெருங்கியது. அவர் போனதும் அந்தப் பணியிடம் நீக்கப்படும், ஒற்றை ஆளால் தூக்க முடியாது என்பதால் அச்செடுக்கும் அம்மையாருக்கு மனிதாபிமான அடிப்படையில் வெளிவாசல் தொலைபேசி அறையில் பணி வழங்கப்படும் என்று உத்தரவு வந்தது. அந்தத் தொலைபேசி அடித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அச்சை யார் எடுப்பது என்று அக்கா கேட்டார். "பாத்துக்கலாம்மா" என்றார் இயக்குநர். அவருக்கு வேறு கவலை. படியைப் படுக்கவைக்கும் வித்தையைக் கற்றுவர ஒருவரை அனுப்பச் சொல்லியிருந்தது அமைச்சகம். பத்தொன்பது வருஷமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கிய அனுபவம் தனக்கே உண்டு என்று அவர் தன்னையே பரிந்துரைத்துக்கொண்டார்.

போனவர் நாற்பது நாளும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் உருப்போட்டார். நிபுணரையே சொல்லச் சொல்லிக் கேட்டு, தொண்டை கட்டும்வரை சொல்லிப் பார்த்து, ஏற்ற இறக்கம் மாறாமல் பிடித்துவிட்டார். அர்த்தம் மட்டும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் அந்நாட்டு மொழியில் தேர்ச்சி உண்டு என்று எழுதிவிட்டதால், கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். திரும்பி வந்ததும் கம்பளிக் குல்லாயைக் கூடக் கழற்றாமல் படிகளின் முன் நின்று சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. உரக்கச் சொன்னார். மைக் வைத்துச் சொன்னார். பதிவு செய்து ஒரு வாரம் ஒலிபெருக்கியில் ஓடவிட்டார். வாரக் கடைசியில் காவலாளி அந்த வாக்கியத்தைத் தூக்கத்தில்கூடப் பிழையில்லாமல் சொன்னார், படிகள் அசையவில்லை. பொறியாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, படிகள் நல்ல நிலையில் உள்ளதாகச் சான்றிதழ் கொடுத்துப் போனார்.

நெட்டைக்குக் கடைசி வாரம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு மத்தியானம், அக்கா நிபுணருக்குப் போன் போட்டார். மொழிபெயர்ப்பைப் போனே பார்த்துக்கொண்டது.

"அன்னிக்குப் படிகிட்ட என்னங்க சொன்னீங்க?"

"படிகிட்ட நான் எதுவும் சொல்லலையே. தூக்க வந்தவங்ககிட்ட சொன்னேன், என்னைத் தூக்காதீங்க, இங்கேயே இருக்கேன்னு."

"அவ்வளவுதானா? அப்புறம் ஏன் நீங்க போனதும் எழுந்திருச்சுது?"

"அது எனக்காகப் படுத்தது. உங்களுக்காகப் படுக்கணும்னா நீங்கதான் உக்காரணும்."

"எத்தனை நாளுங்க?"

"அது படியோட குணத்தைப் பொறுத்தது. எங்க நூலகப் படி பதினோரு வாரம் அடம்பிடிச்சுது."

"மழை வந்தா?"

"நனைய வேண்டியதுதான்."

இரு நாட்டுக்கும் இடையிலான அறிவுப் பரிமாற்றம் என்று அரசு எதற்கு நிதி ஒதுக்கியதோ, அது நான்கு நிமிடத்தில் அக்காவின் சொந்த போனில் நடந்து முடிந்தது.

திங்கட்கிழமை காலை நெட்டையும் குட்டையும் குனிந்தபோது, "என்னைத் தூக்காதீங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றார் அக்கா. சொல்லிவிட்டாரே தவிர, வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறந்ததிலிருந்து யாரையும் காக்கவைத்ததில்லை அவர். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். "யாரு என்னக்கா சொன்னா? எதுக்கு இந்தக் கோவம்?" என்றார் குட்டை. கோபமில்லை என்று அக்கா சொன்னது யாருக்கும் புரியவில்லை. பிரேக்கைப் போட்டார். நாவல் படித்துப் பழக்கமில்லாததால், மாவு வாளியையும் கட்டுத்துணியையும் கீழே கொண்டுவரச் சொல்லி வேலையை ஆரம்பித்தார்.

அச்செடுக்க வந்தவர்களுக்கு வாசலிலேயே வேலை முடிந்தது. ஆனால் முடிந்தவர்கள் போகவில்லை. ஊன்றுகோலைச் சாத்திவிட்டு ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்தார், அவரைப் பார்த்து ஒரு தையல்காரி, அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் என்று செவ்வாய்க்கிழமை முப்பது பேர் ஆனார்கள். உள்ளே மருத்துவர்கள் காலிக் கட்டில்களுக்கு நடுவே உலாத்தினார்கள். புதன்கிழமை மழை கொட்டியது. நனைந்தார்கள். ஜன்னல் வழியாக மைக்கில் இயக்குநர், "அம்மா, மேலிடத்துல கேக்கறாங்க, என் மானத்தை வாங்காதீங்க" என்று கெஞ்சினார். அக்காவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தொலைபேசி அறை கண்ணெதிரே இருந்தது. அதன் ஜன்னலில் அவர் பெயரெழுதிய பலகையை அன்றுதான் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நெட்டைக்குப் பிரிவு உபசார விழா, மேலே கூடத்தில். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த நெட்டை முதல் படிவரை வந்து நின்றுவிட்டார். "முப்பது வருஷமா யாரையாவது தூக்கிக்கிட்டுத்தான் ஏறியிருக்கேன். வெறுங்கையோட ஏறக் கால் வரமாட்டேங்குது, தங்கச்சி" என்று சொல்லி அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குட்டையும் உட்கார்ந்தார். விழா நாயகன் இல்லாத மேடையில் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, பரிசாக வாங்கிய சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் இறங்கி வந்தார். பாதி வழியில் நின்று எல்லோரையும் பார்த்தார். தலை முதல் கால்வரை நனைந்து காய்ந்த கூட்டம். அவருக்கு என்ன தோன்றியதோ, "சரிம்மா, நானும் உக்கார்றேன்" என்று மூன்றாம் படியில் உட்கார்ந்தார். அந்த நிமிடம் அந்தப் படி படுத்தது. கடிகாரத்தோடு சறுக்கிக்கொண்டு வந்து நெட்டையின் மடியில் பரிசை ஒப்படைத்தார் இயக்குநர். மற்ற ஆறும் அடுத்தடுத்துப் படுத்தன. நாலு பத்து என்று கடிகாரம் காட்டியது.

அக்கா பிரேக்கை எடுத்தார். பழக்கதோஷத்தில் நெட்டை இரண்டு கையையும் நீட்டினார். "வேணாம்ண்ணே, கூட வாங்க போதும்" என்று சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டு ஏறினார். தன் மேசை முன்னால் போய்ச் சேர்ந்ததும் அழுதார். கண்ணில் மாவு பட்டுவிட்டது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அன்றிலிருந்து படிகள் எழவில்லை. அக்காவுக்காக மட்டுமின்றி அவரோடு உட்கார்ந்த அத்தனை பேருக்காகவும் படுத்தவை ஆதலால், அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடக்கின்றன. பதிவாளர் அலுவலகத்தின் பதினாறு படிகள் அடுத்த மாதம் படுத்தன. வங்கியின் மூன்று படிகள் அக்கா காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததுமே படுத்துக்கொண்டன. தொலைபேசி அறையில் இப்போது விளக்குமாறுகள் வைக்கிறார்கள். மறு ஆண்டு அதே திட்டத்தில், நிபுணர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டு அனுப்பினார்கள். அங்கே உயர் நீதிமன்றத்தில் நாற்பத்தோரு படிகள், இருநூறு வருஷமாக எவருக்கும் வளைந்துகொடுக்காதவை. அவரும் அந்த ஊர் நிபுணரும் பனியில் அக்கம்பக்கமாக உட்கார்ந்தார்கள். நாற்பது நாள் முடிந்தபோது ஒன்பது படுத்திருந்தன. நீட்டிப்புக் கேட்டு வந்த விண்ணப்பத்தில், காரணம் என்ற கட்டத்தில், மீதிப் படிகள் மூத்தவை, கொஞ்சம் நாளாகும் என்று இயக்குநர் தன் கைப்படவே எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினார். நிதித்துறை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.